படத்தில் இல்லாத பக்கம்

மார்ச் 3, திங்கள்

கப்பல் கதை ஒருவழியாக முடிந்தது. சுருட்டு ஆலைக் கூடத்தில் தொண்டை கட்டும்வரை வாசித்தேன். ஒரு தகடுகூடத் தட்டவில்லை. சுருட்டு இலை வெட்டும் தகட்டைப் பலகையில் தட்டினால் வாசித்தவளுக்கு மரியாதை. தரையில் போட்டால் காறித் துப்பியதற்குச் சமம். பின்வரிசையில் இரண்டு மூன்று தகடுகள் தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நிக்கனோர் வாய் சும்மா இருக்குமா? "செனாய்தா அக்கா, உங்க கப்பல் மூழ்குறதுக்குள்ள நாங்க தூங்கிட்டோம்!" கூடமே சிரித்தது. காலையில் செய்தித்தாள், மதியம் நாவல் என்று இத்தனை வருஷம் இந்த மேடையில் கத்துகிறேன். இவர்கள் கை அலுக்காமல் சுருட்டு உருட்டுவது என் குரலால்தான். ஒருவருக்காவது நன்றி உண்டா?

மார்ச் 4, செவ்வாய்

அடுத்த நாவலுக்கு ஓட்டு. 'தோணிக்காரன்' சினிமாவை எந்த நாவலிலிருந்து எடுத்தார்களோ அதுதான் வேண்டுமாம். முன்மொழிந்தது நிக்கனோர். "நம்ம தோணிக்காரனுக்கும் தெல்மிராவுக்கும் ஏப்ரல் கடைசியில கல்யாணம். அதுக்கு நம்ம கூடத்தோட சீர் இது!" எல்லாக் கையும் மேலே போனது.

எவேலியோவை இங்கே யாரும் எவேலியோ என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பெரும்புயல் வருஷம் வெள்ளத்தில் மாட்டிய நண்பன் லிப்ராதோவைக் காப்பாற்றத் தோணியை எடுத்துக்கொண்டு போனவன் அவன். வீசிய கயிறு நழுவிவிட்டதென்று தனியாகத் திரும்பி வந்தான். அடுத்த வருஷம் படம் வந்தது. அதிலும் வெள்ளம். அதிலும் கயிறு நண்பனின் பிடியிலிருந்து நழுவுகிறது, தோணிக்காரன் அழுதுகொண்டே கரை சேர்கிறான், கடைசியில் நண்பனின் விதவையைக் கட்டிக்கொள்கிறான். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. நான் மட்டும் ஐந்து தடவை பார்த்தேன். படம் விட்டதும் எவேலியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார்கள். அன்றிலிருந்து அவன் தோணிக்காரன். லிப்ராதோவின் விதவை தெல்மிரா அவன் பக்கத்துப் பலகையில்தான் உருட்டுகிறாள். படத்தில் இரண்டு மணி நேரத்தில் ஆனது இவர்களுக்கு ஆக இத்தனை வருஷம்.

தெல்மிரா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நரை விழுந்த தலைக்கு வெட்கம் ஒரு கேடு.

மார்ச் 9, ஞாயிறு

முன்னாலேயே ஒரு தடவை படித்து வைப்பது என் வழக்கம். காலைக் காபியோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் கறுப்பு அவரை கரிந்தே போனது.

அட படுபாவி! நாவலில் கயிறு நழுவவில்லை. அவன் விடுகிறான். நண்பன் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, கயிற்றைப் பிடித்த தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறான். ஏனாம்? நண்பனின் பெண்டாட்டிமேல் கண். ஒரு பக்கம் முழுக்க அந்த விரல்களைப் பற்றித்தான். பிறகு ஒன்றும் அறியாத அவளைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழ்கிறான், மகராசன். சினிமாக்காரர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு நம்மையெல்லாம் அழ வைத்திருக்கிறார்கள். ஐந்து தடவை அழுதேனே, மானங்கெட்டவள்.

இதையா வாசிப்பது? அந்த இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு?

சும்மா ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். குரலுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

மார்ச் 10, திங்கள்

முதல் அத்தியாயத்துக்கே தகடுகள் தட்டின. எத்தனை நாளாயிற்று!

மார்ச் 13, வியாழன்

வேலை முடிந்து இறங்கும்போது எவேலியோ குழாயடியில் காத்திருந்தான். கையில் எனக்கென்று காபி.

"புத்தகமும் படம் மாதிரிதானே அக்கா போகுது?"

"இல்ல. இதுல கயிறை அவனேதான் விடுறான்."

அவன் முகம் போன போக்கு! பிறகு, "நான் அப்படிச் செய்யல" என்றான்.

"நான் உன்னைக் கேக்கவே இல்லையே எவேலியோ."

காபிக் கோப்பை என் கையில். ஒரு வாய் குடித்தேன். "அந்தப் பக்கத்தைத் தாண்டிடுங்க அக்கா" என்றான் கடைசியில். "படத்துல வர்ற மாதிரி வாயால சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? கல்யாணம் மட்டும் முடியட்டும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"பாக்கலாம்" என்றேன்.

தாண்டினால் ஒன்றும் குடி முழுகாது. படுக்கையறைப் பக்கங்களை எத்தனையோ தடவை தாண்டியவள்தானே நான். ஆனால் அவன் கேட்டான். கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை தாண்டியிருப்பேன். கேட்ட பிறகு எப்படித் தாண்டுவது? எனக்கு அது என்னவென்று தெரிந்தாக வேண்டும்.

பொய். தெரிந்தாக வேண்டியதில்லை. அவன் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

நாளைக்கு அந்தப் பக்கம். தேனும் எலுமிச்சையும் குடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

வாசித்தேன். ஒரு வரி விடவில்லை.

முதல் விரலில் பேச்சு நின்றது. இரண்டாவதில் கைகள் நின்றன. இந்தக் கூடத்தில் இருமல்கூட இல்லாத அமைதியை நான் கேட்டதே இல்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் மட்டும் உருட்டிக்கொண்டிருந்தான். இலை கிழிந்தது. வேறொன்றை எடுத்தான், அதுவும் கிழிந்தது. நான் அவசரப்படவில்லை. சுண்டுவிரல் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். சொல்லட்டுமா — அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

முடித்ததும் நிக்கனோர்தான் ஆரம்பித்தான். "ஏன் தோணிக்காரரே, உங்க கயிறு எப்படிப் போச்சு?"

"நழுவிடுச்சு" என்றான் எவேலியோ.

"எந்த விரல்ல இருந்து?"

சிரித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கூடம் மொத்தமும். தெல்மிரா தலையைத் தூக்கவே இல்லை. அப்புறம் தட்டினார்களே தகடுகளை! பலகையே பிளந்துவிடும்போல.

மார்ச் 21, வெள்ளி

அவன் பலகையில் யாரோ ஒரு முழம் கயிறு வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால் யாருமில்லை. பெயரும் மாறிவிட்டது. இன்று முழுக்க "விரலு, அந்த இலையை இங்க தள்ளு", "விரலு, காபி குடிச்சியா?"

இந்த நாவல் அச்சானது அந்த வெள்ளத்துக்கு வெகு காலம் முன்னால். இரண்டாம் பக்கத்திலேயே வருஷம் போட்டிருக்கிறது; எவேலியோவைப் பார்த்து எழுதிய கதை இல்லை. அதை எழுந்து நின்று வாசித்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

எவேலியோ வரவில்லை. தீவின் மறுகோடியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டானாம், தன் கிட்டாரைக்கூட எடுத்துப் போகவில்லையாம். நிக்கனோர் எல்லாருக்கும் கேட்கும்படி, "கல்யாணம் என்னாச்சு தெல்மிரா?" என்றான். அவள் எழுந்து நின்றாள். "என் புருஷனைக் கொன்னவனோட எனக்கென்ன கல்யாணம்?" பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நல்லவேளை, வாசித்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பியது. இன்றைக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறேன்.

மார்ச் 29, சனி

மத்தியானம் தெல்மிரா என் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று கொய்யா அல்வா எடுத்து வைத்தேன். தொடவில்லை. உட்காரவும் இல்லை.

"என் கண்ணைத் திறந்துட்டதா நினைச்சுட்டிருக்கியா?" என்றாள்.

"கோபப்படாத தெல்மிரா. உனக்குத் தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரியும்டீ. வெள்ளம் வடிஞ்ச வாரமே வந்து சொல்லிட்டான். விட்டுட்டேன், வேணும்னேதான் விட்டேன்னு என் வாசல்ல நின்னு அழுதான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டேன்."

அல்வாத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"லிப்ராதோ உயிரோட இருந்தப்போ, அடி வாங்கின என் முதுகை யாராச்சும் பாத்தீங்களா? சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே நீ இருந்த. சத்தம் கேக்கலையா? உனக்குத்தான் காது நல்லா கேக்குமே."

கேட்டிருக்கிறது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

"அப்போ போய் அவனைக் கட்டிக்கோ" என்றேன். "யார் தடுத்தா?"

சிரித்தாள். "இப்ப கட்டிக்கிட்டா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்னு ஆயிடும். அவனை ஜெயில்ல போடுவாங்க, என்னையும் கூடப் போடுவாங்க. அதான் கூடத்துல நின்னு அவனைக் கொலைகாரன்னு சொன்னேன். அது காதுல விழுந்தா அவன் திரும்பி வர மாட்டான். பிழைச்சுக்குவான்."

போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள்.

எனக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் சொன்னாங்களா? புத்தகத்துல இருந்ததைத்தானே வாசிச்சேன்! நானா எழுதினேன் அதை? அவன் கேட்டான், சரி, கேட்டான் — காலைப் பிடிக்கிறேன்னுகூடச் சொன்னான் — காரணத்தைச் சொன்னானா? சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

சொல்லியிருந்தால் மட்டும் தாண்டியிருப்பேனா?

ஏப்ரல் 2, புதன்

நாவல் முடிந்தது. இவ்வளவு நல்ல வாசிப்பு கேட்டதே இல்லையாம். கூடத்துக்கு இப்போது லிப்ராதோமேல் திடீர்ப் பாசம். அநியாயமாகச் செத்தவன் படத்தைச் சுவரில் மாட்டி, அஞ்சலி வைக்க வேண்டுமாம். வாசிக்க நாலு வார்த்தை நான் எழுத வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

இடைவேளையில் தெல்மிராவின் பலகைக்குப் போனேன். சுற்றிலும் காதுகள். "லிப்ராதோவைப் பத்தி என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"நல்லவர்னு எழுது" என்றாள். "பொண்டாட்டிமேல கை ஓங்காதவர்னு எழுது. நீதான் நல்லா வாசிப்பியே."

ஏப்ரல் 7, திங்கள்

படம் மாட்டினார்கள். தெல்மிரா கையில் வெள்ளைப் பூக்களைக் கொடுத்து, படத்தின் கீழே நிற்க வைத்தார்கள்.

வாசித்தேன். அன்பான கணவர் என்று வந்த இடத்தில் குரல் தானாகவே தழுதழுத்தது. கூடம் முழுக்க அழுதது, நிக்கனோர்கூட. தெல்மிரா கொஞ்ச நேரம் எல்லாரையும் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவளும் அழுதாள்.