பறக்கிற நேரம் மட்டும்

நீங்கள் பொய் சொல்லித்தான் விமான டிக்கெட் விற்றீர்கள், அக்கா. சாட்சி சுவரிலேயே இருக்கிறது. நம் குரோம்பேட்டைக் கடையின் உலக வரைபடத்தில் சென்னை இல்லை. “இங்கேருந்து இங்கே, ஒரே தாவு” என்று விரலால் காட்டிக் காட்டியே நம் ஊரை அழித்துவிட்டீர்கள். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். இன்று காலை துடைக்கப் போனவன் துணியோடு நின்றுவிட்டேன்.

அந்த வெல்டரின் அம்மாவை ஞாபகம் இருக்கிறதா? மறைமலை நகர் கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்தது என்று மகனை அனுப்பிவிட்டார்கள். அவன் ரியாத் கிளம்பினான்.

“இன்னா தூரம் கீதும்மா?”

“மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பறக்க ஆறே மணி நேரம்.”

“அவ்ளோதானா! எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வர்றதுக்கே அதுக்கு மேல ஆவும்.”

சிரித்துக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நடுவுல பதினோரு மணி நேரம் ஏர்போர்ட் தரையில கிடக்கணுமேக்கா, அதை யாரு சொல்றது?”

நீங்கள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினீர்கள். “பறக்குற நேரத்தைத்தானே கேட்டாங்க? படுக்குற நேரத்தைக் கேட்டாங்களா?”

நான் விடவில்லை. ரியாத் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இல்லை, நேர் விமானத்தில் போகிற முதலாளிக்கு ஐந்தரை மணி நேரம், அவனிடம் வெல்டிங் அடிப்பவனுக்குப் பதினேழு என்று கத்தினேன்.

“கட்சி ஆரம்பிடா, ஓட்டுப் போடறேன். முதல்ல பிரின்டருக்குப் பேப்பர் வை.”

அன்றிலிருந்து நான் உண்மையை விற்றேன். பறப்பது, காத்திருப்பது, வரிசையில் நிற்பது எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன். அம்மாக்கள் எழுந்து உங்கள் மேஜைக்குப் போனார்கள்.

அப்புறம் ஒருநாள் டீ டம்ளரோடு சாய்ந்தீர்கள். எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டொராண்டோவிலிருந்து உங்கள் மகள் கூப்பிட்டாள்.

“அண்ணா, எவ்வளவு நேரத்துல வந்து சேருவேன்?”

திரையில் முப்பத்தொரு மணி நேரம் என்று இருந்தது.

“பதினெட்டு மணி நேரம்தாம்மா. கிளம்பு.”

அவள் நடுவழியில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். அவள் இறங்கும்வரை நான் சொல்லவில்லை. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவளை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. பல்லாவரத்தில் வண்டி அசையவே இல்லை. அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“பறக்குற நேரம் மட்டும் சொன்னீங்க, இல்ல? எங்கம்மா கணக்கை எனக்கே போட்டீங்களா?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து மிரண்டுபோனார். அவள் திட்டினாளா, நன்றி சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்று அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் நர்ஸ் வேலைக்கு ஆக்லாந்து போகிறாள். அந்த வெள்ளை வட்டத்தில் விரலை வைத்து, “ஒரு அவசரம்னா இவ எவ்ளோ நேரத்துல வந்துடுவா தம்பி?” என்றார். பின்னால் நின்ற மகள், சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினாள். திரையில் இருபத்தாறு. பறப்பது மட்டும் பதினைந்து. பிரின்டரில் பேப்பர் இல்லை, சாயங்காலம் வாங்க என்று அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் அவர் வந்துவிடுவார். இரண்டில் எதைச் சொல்வது?

பேப்பர் வைத்துவிட்டேன். சொல்லுங்கக்கா.