கவர் இல்லை

2025 மார்ச் 3, திங்கள்
ஆண்டிபட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி. மில்லில் சூப்பர்வைசர் தமிழ்மாறன் ஒரு தாளை நீட்டினார். போன வியாழக்கிழமை பக்கத்து மெஷின் பெல்ட்டில் திரிஷாவுக்கு இரண்டு விரல் போனதே, அதைப் பற்றிய தாள். முழுக்க இங்கிலீஷ்.
"நீதான பக்கத்துல நின்ன முனீஸ்வரி? சாட்சின்னு கையெழுத்துப் போடு."
படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். பிளஸ் டூ வரை படித்தவள். எழுத்துக்கூட்ட வரும். அர்த்தம்?

மார்ச் 4
நாத்தனார் பவானி டைப்பிங் சென்டரில் இருக்கிறாள். வாசித்துச் சொன்னாள். "பெல்ட் மேல கவர் இருந்துச்சுன்னு போட்டிருக்காக மதினி. அந்தப் புள்ளதான் கவனமில்லாம கைய விட்டுச்சாம்."
கவர் இல்லை. விபத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இல்லை. தினமும் பார்த்தேனே — வாயத் தொறந்தேனா?

மார்ச் 5
கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தமிழ்மாறன் சிரித்தார். "அப்ப நீயே எழுதிக் குடு. இத விசாரிக்க பம்பாய் ஹெட் ஆபீஸ்லருந்து வர்ற ஆபீசருக்குத் தமிழ் தெரியாது."
பவானி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம். கேள்வி கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

மார்ச் 6
பவானி இன்று சொல்லிக்கொடுத்தது டிக்ளரேட்டிவ் சென்டென்ஸ். தமிழில் செய்தி வாக்கியம். கேட்காது, ஏவாது, கெஞ்சாது. உள்ளதைச் சொல்லிப் புள்ளி வைக்கும். நான் 'ப்ளீஸ் சார்' என்று ஆரம்பித்திருந்தேன். பவானி அதைக் கோடு போட்டு அடித்தாள். "இது விண்ணப்பம் மதினி."

மார்ச் 7
ஓவர்டைம். ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
'கவரைக் கழட்டிட்டாக' என்று தமிழில் சொல்லிவிடலாம். யார் என்று சொல்ல வேண்டாம். எனக்கு வரும் இங்கிலீஷில் அந்த 'யார்' முதலிலேயே வந்து நிற்க வேண்டும். தமிழ்மாறன் பெயரை எழுதினேன். அவருதான், எல்லாருக்கும் தெரியும். ஆனால் கழற்றியதை நான் பார்த்தேனா? இல்லை. அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது மட்டும்:
The cover was not there. I saw this every day for a week. I did not tell anyone.
கவர் அங்கே இல்லை. ஒரு வாரம் தினமும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாவதை எழுதத்தான் அரை நாள் ஆனது.

மார்ச் 10
வீட்டுக்காரர், "வேல போயிரும்டி" என்றார். போகலாம். எழுதிய தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 11
ஆபீசர் ஒரு அம்மா. இரண்டு தடவை வாசித்தார். நிச்சயமாகத் தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். தமிழ்மாறன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாக்கியத்தையும் வாயால் சொன்னேன். நிறுத்தவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்
பன்னிரண்டு மெஷினுக்கும் புதுக் கவர் மாட்டியாயிற்று. என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. திரிஷாவும் இன்று முதல் அங்கேதான்.
"அக்கா, நீங்க எழுதுனத வாசிச்சுக் காட்டுனாக" என்றாள். "கடைசி வரியையும்."
அவள் நல்ல கையால் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, "தூக்குங்கக்கா" என்றாள்.