சுயம்புலிங்கம் அளந்த கணக்கு

தி. நகர்,
20.11.1996

அன்பு மகள் ஸ்வர்ணலதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கத் திருச்செந்தூர் முருகன் துணை. தீபாவளி வியாபாரம் மழையிலும் மோசமில்லை, உஸ்மான் ரோட்டுச் சகதியை எல்லாம் காலில் கொண்டுவந்தவர்கள் சேலை மட்டும் பளிச்சென்று வேண்டும் என்றார்கள்.

போன கடிதத்தில் ஆராய்ச்சி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தை மாதம் உன் கல்யாணத்துக்கு வந்து சேர் என்று எழுதினேன், இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்று நீ அழாத குறையாகப் பதில் போட்டாய். நீ அனுப்பிய அச்சுக் கட்டுரையைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நம்மிடம் வேட்டி எடுக்கும் அடையாறு தனபாலன் சார், காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, அங்கே அப்பா பேரைக் குடும்பப் பேராக்கிடுவாங்க, உலகம் பூரா இது சுயம்புலிங்கம் கட்டுரைதான் என்றார். எட்டாம் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கியவன் நான். சந்தோஷம் தாங்காமல் ரங்கநாதன் தெருவில் ஒரு கடை விடாமல் சொல்லிவிட்டேன்.

போன வாரம் அதே சார் வேறொரு நாட்டுக்காரன் கட்டுரையை நகலெடுத்து வந்தார். அங்கே நீங்களெல்லாம் சோடியம் அணுக்கொத்தின் மேல் அதிவேக அயனிகளை அடித்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறீர்களாம், இரண்டு போய்விட்டால் மிச்சமிருப்பதெல்லாம் ஒன்றையொன்று தள்ளுமாம், இருபத்தைந்து அணு உள்ள சின்னக் கொத்து அப்போதே சிதறிவிடும் என்று சுயம்புலிங்கம் எழுதியிருக்கிறாராம். இல்லை, அது தாங்கும், சுயம்புலிங்கம் அளந்ததில் பிசகு என்கிறான் அவன். முப்பது வருஷமாகத் துணி அளக்கிறேன், அரை முழம் குறைகிறது என்று ஒருத்தன் சொன்னதில்லை! எலக்ட்ரான் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் சோறு இறங்கவில்லை. யார் சொல்வது சரி என்று கேட்டேன். திரும்ப அளந்தாத்தான் தெரியும், அதுக்குத்தான் உங்க மக ரெண்டு வருஷம் கேக்கிறா என்றார்.

மறுநாளே ஆதம்பாக்கத்தில் மாப்பிள்ளை வெங்கடேஷ் வீட்டுக்குப் போய், தையில் முடியாது, வெளிநாட்டில் என் பேர் மேல் ஒரு பிராது இருக்கிறது, பெண் அதைத் தீர்த்துவிட்டுத்தான் வருவாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்கள் போலீஸ் கேஸ் என்று எடுத்துக்கொண்டார்கள், சாயங்காலத்துக்குள் ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. உன் அம்மா இசக்கியம்மாள், ஒம்ம பேருக்காக எம் மவ கல்யாணத்தைக் கெடுத்தீரே என்று ஒரு வார்த்தை சொன்னவள்தான், அப்புறம் காபி டம்ளரை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் பேரில் தப்பில்லை. நீ கெஞ்சியபோது இளகாத மனசு, என் பேரைச் சொன்னதும் இளகிவிட்டதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது லதா.

ஆகையால் பதறாமல் அளந்து முடித்துவிட்டு வா. ஸ்வெட்டர் போடாமல் வெளியே கிளம்பாதே, தலைக்கு எண்ணெய் வை. நீ இல்லாத தீபாவளி எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. திரும்ப அளந்ததில் அந்த ஆள் சொன்னதே சரி என்று வந்தால், என் முகத்துக்காக மழுப்பாதே. சுயம்புலிங்கம் சொன்னது தப்பு என்று நீயே முதலில் அச்சில் போட்டுவிடு. தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
க. சுயம்புலிங்கம்