அம்மா சிரித்த ஒன்பது செகண்ட்

அன்புள்ள வாலுக்கு,

இங்க நான் நலம், இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல என் பேச்சைக் கேக்கறதில்ல. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமா இருப்பேன்னு நம்பறேன். நம்பறேனே தவிர ஞாயித்துக்கிழமை போன்ல உன் குரல் அப்படிச் சொல்லலை. சித்தி வந்து ரெண்டு நாள் இருந்தா, சமையலறையைத் தலைகீழாப் புரட்டி அடுக்கி வச்சுட்டுப் போயிட்டா, இப்ப உப்பு எங்கன்னு தேடிட்டிருக்கேன். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரூமுக்குப் புது மெஷின் வந்திருக்கு. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்கன்னு அதுவே ஒரு பொண்ணு குரல்ல சொல்லுது, படம் எடுத்ததும் மூச்சு விடலாம்னும் மறக்காம சொல்லுது. முப்பத்தோரு வருஷமா நான் தொண்டை வறளச் சொன்னதை அது அலுங்காம சொல்லிட்டுப் போகுது, நான் பக்கத்துல நின்னு தலையாட்டறேன்.

சினிமாப் படிப்பு முடியப் போகுது, இதுவரைக்கும் எடுத்த படங்களைப் பொறுக்கித் தொகுத்து, ஒவ்வொண்ணைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கணும்னு சொன்னியே, நீ அனுப்பினதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். உன் முதல் படம் மாடிப்படியில எடுத்தது, அதுல அம்மா அசையாம நிக்கற ஷாட் உன்னோட திட்டம்னு எழுதியிருக்கே. அதுக்கப்புறம் வர்ற சிரிப்பு படத்தோட கனத்தைக் கெடுக்குதுன்னு வாத்தியார் சொன்னாராம், அந்த ஒன்பது செகண்டை நீ வெட்டிட்டியாம். மாசக் கடைசியில தொகுப்பைக் கொடுத்ததும் பழசையெல்லாம் அழிச்சு டிஸ்க்கைக் காலி பண்ணப் போறேன்னு போன்ல சொன்னப்ப நான் சரிம்மான்னு வச்சுட்டேன். சரியே இல்ல. போன்ல இதைப் பேச ஆரம்பிச்சா பாதியில வேற கதைக்குத் தாவிடுவேன், அதான் உக்காந்து எழுதறேன்.

அது திட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல கண்ணு, உன் அப்பனோட பழக்கதோஷம். உனக்கு அப்போ பதினாலு வயசு. அம்மா காய்கறிப் பையோட படியேறி வரணும், நடுவுல ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பிப் பார்க்கணும், அவ்வளவுதான் கதை. கேமராவை என்கிட்ட கொடுத்துட்டுக் கீழ நின்னு ஸ்டார்ட்டுன்னு கத்தினே. பட்டனை அமுக்கறதுக்குள்ள என் வாய் தன்னால மூச்சை இழுத்துப் பிடி, அசையாதேன்னு சொல்லிடுச்சு, அவளும் நாலாவது படியில கம்பம் மாதிரி நின்னுட்டா. இது எக்ஸ்ரே இல்லப்பா சினிமான்னு நீ கீழ குதிக்கறே. மூணு தடவை எடுத்தோம், மூணு தடவையும் சொல்லித் தொலைச்சேன். மூணாவது தடவை அவ என்னைக் கிண்டல் பண்ணணும்னே நின்னா. நானோ சிவப்பு விளக்கு எரியுதான்னு பாத்துட்டே மூச்சு விடச் சொல்ல மறந்துட்டேன். முகம் செவந்து, கன்னம் உப்பி, பை நழுவி, படியிலேயே உக்காந்து சிரிச்சா பாரு, வெங்காயமெல்லாம் ஒவ்வொரு படியா இறங்கி உன் காலடிக்கு வந்துச்சு. என்ன ஒரு மத்தியானம் அது.

முன்பல் கோணல்னு அம்மா போட்டோவுல உதட்டை இறுக்கிக்குவா, உனக்கே தெரியும். அலமாரியில இருக்கற ஒரு போட்டோவுலயும் அந்தப் பல் கிடையாது. ரெண்டு வருஷம் முன்னால அவ போனதுலேருந்து தினம் டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னால கேமராவைத் திறந்து அந்தச் சிரிப்பை மட்டும் பார்ப்பேன். போன மழைக்காலத்துல ஒருநாள் ஒண்ணுமே வரலை. கார்டு போச்சு சார்னுட்டார் கம்ப்யூட்டர் கடைக்காரர். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தக் கடையிலேயே அழுதேன், பாவம் அவர் ஸ்டூல் போட்டுத் தண்ணி கொடுத்தார். உன்கிட்ட ஒரு காப்பி இருக்குங்கற தைரியத்துலதான் வீடு வந்தேன். கேட்டா நீ அதைத் திறந்து பார்க்க வேண்டி வருமேன்னு கேக்கலை. வாத்தியாருக்காக மட்டும் நீ அதை வெட்டலைன்னு எனக்குத் தோணுது. தப்புன்னா திட்டிக்கோ.

இன்னொண்ணும் உன்கிட்ட சொன்னதில்ல. அவளோட கடைசி எக்ஸ்ரேவையும் நான்தான் எடுத்தேன். மூச்சு பிடிக்க முடியலை அவளால. அந்த நிலைமையிலயும் என்னைப் பாத்து, "இந்தத் தடவையாவது மறக்காம சொல்லுங்க"ன்னா.

தொகுப்புல வைக்கறதும் விடறதும் உன் தொழில், அதுல நான் மூக்கை நுழைக்கலை. அந்தப் பக்கத்துல மட்டும் உண்மையை எழுதிடு, உன் வாத்தியாரும் கொஞ்சம் சிரிக்கட்டும். அழிச்சுடாதே. ரெண்டு காப்பி போட்டு ஒண்ணை எனக்கு அனுப்பு. கழுத்தைக் குனிஞ்சு எடிட் பண்ணாதே, எலும்பைப் பத்தி எனக்குத் தெரியும். எல்லாம் நல்லபடியா முடியும், நீ நல்லா இருப்பே, உன் அம்மா ஆசையும் என் ஆசையும் உன்கூடவே இருக்கும். ரெண்டு வருஷமா நீயும் அந்த நாலாவது படியிலதான் நிக்கறே, நான் பாட்டுக்கு வேற எங்கயோ பாத்துட்டிருந்துட்டேன். இந்தத் தடவை மறக்கலை.

மூச்சு விடலாம் கண்ணு.

உன் முதல் கேமராமேன்,
அப்பா