மார்கழியில் அழிந்த அம்புக்குறி

நேற்றைய புழுதி போக இன்று சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் பையைத் திறந்து கையை விட்டால் விரல் நுனியெல்லாம் வெள்ளை. கோலமாவு. பையின் தையலில் கட்டி தட்டிக் கிடக்கிறது. அது உன் பை. உன் வீட்டம்மா எனக்குக் கொடுத்தது. அந்த மாவைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆடியில் நீ போனாய், இது மார்கழி. இன்னும் உன்மேல் இருக்கும் கோபம் குறையவில்லை.

சண்டை எதற்கென்று உனக்குத் தெரியும். ஆனாலும் முழுதாகச் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது நீ ஒருநாளும் என்னை முழுதாகச் சொல்ல விட்டதில்லை.

மூன்று வருடம் முன்பு கோயம்புத்தூரிலிருந்து பந்தயம் நடத்த அந்த இளவயதுத் தம்பி வந்தார். தார் ரோட்டைத் தொடாமல் சரளைக்கல் பாதை, வண்டிப்பாதை, வாய்க்கால் கரை என்று மார்கழிப் பனியில் சைக்கிள் ஓட்டும் பந்தயம் என்றார். கிராவல் ரைடு என்று பெயர். நாம் இருவரும் காலமெல்லாம் ஓட்டியது அந்தப் பாதையில்தான், அதற்கு ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. நான் ஓட்டப் பெயர் கொடுத்தேன். பாதை கீரனூர்ப் பக்கம் உன் ஊர்த் தெரு வழியாகப் போவதால் அங்கே வழி காட்டும் வேலையை உன்னிடம் கொடுத்தார்.

பெயிண்டில் அம்புக்குறி போட்டால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று காரில் கோலமாவு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர். முந்தின நாள் சாயங்காலமே போட்டுவிடுங்கள் என்றவரும் அவர். செல்போனைப் பார்த்து ஓட்டினால் விழுந்துவிடுவீர்கள், அம்புக்குறியை மட்டும் நம்புங்கள் என்று எங்களிடம் சொன்னவரும் அவரேதான். நீ இந்தப் பையில் மாவை அள்ளிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி தெருவுக்குத் தெரு குனிந்து அம்புக்குறி போட்டாய்.

விடியற்காலையில் ஊர்ப் பெண்கள் எழுந்தார்கள். மார்கழி. பெருக்கினார்கள், சாணி தெளித்தார்கள், கோலம் போட்டார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது தெரு முழுக்கக் கோலம், ஓர் அம்புக்குறிகூட இல்லை. பாதிப்பேர் முருங்கைத் தோட்டத்துக்குள் போய் நின்றோம். ஒருவர் வாய்க்காலுக்குள் சைக்கிளோடு இறங்கிவிட்டார்.

உன் வீட்டம்மா வாசலில் நின்று சிரித்தது எனக்கு மறக்காது.

"ஏனுங்கண்ணா, மூணு ஆம்பளைங்க கூடிப் பேசுனீங்களே, மார்கழியில வாசல் தெளிப்பாங்கன்னு ஒருத்தருக்கும் தோணலீங்களா? ஒரு நாளாச்சும் வெளக்கமாத்தத் தொட்டிருந்தாத்தான."

நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பந்தயம் முடிந்து எல்லாரும் கூடியபோது அந்தத் தம்பி மைக்கைப் பிடித்து, உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை நம்பி ஏமாந்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றார். எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். நீ எழுந்தாய். வாயைத் திறப்பாய் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாய்.

திரும்பும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். "மாவு யாரு கொண்டாந்தான்னு சொல்ல உனக்கு வாயில்லையா? இம்புட்டுப் பேரு முன்னால எதுக்குக் கும்பிட்ட?" என்றேன். நீ சைக்கிளை மிதித்துக்கொண்டே, "விடுப்பா. சின்னப் பையன், நாலு பேரு முன்னால அவன் மூஞ்சி போயிரும்" என்றாய். உன் மூஞ்சி போனதைப் பற்றி உனக்குக் கவலையே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடமும் நீ அந்தப் பந்தயத்தை எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பாய். அதே முழங்காலோடு தினமும் என்னோடு ஆயக்குடிவரை வருவாய். யாரை ஏமாற்றினாய்?

நேற்று ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் பந்தயம் தொடங்கியது. எல்லாரும் குல்லாவும் கையுறையுமாக நிற்கிறார்கள். அந்தத் தம்பி புது ஆட்களைச் சிரிக்கவைக்க உன் கதையைச் சொன்னார். ஒரு தாத்தா கோலமாவில் அம்புக்குறி போட்டாராம், பாட்டிகள் அழித்துவிட்டார்களாம். தோப்பே சிரித்தது.

நான் நேரே போய், "அந்தத் தாத்தா செத்துப்போனாரு தம்பி. மாவு கொண்டாந்தது நீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என் தோளில் கை போட்டு, "சும்மா ஜாலிக்குச் சொன்னது அங்கிள். ரைடு முடியட்டும், பேசுவோம்" என்றார். விசில் ஊதிவிட்டார்கள்.

இப்போது பாதை உன் ஊருக்குள் போவதில்லை, ஊரைச் சுற்றிப் போகிறது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்ப, நான் உன் தெருவுக்குள் திரும்பினேன். கோலத்தின்மேல் சக்கரம் படக்கூடாதென்று இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். உன் வீட்டு வாசல் தெளித்திருந்தது, கோலம் இல்லை. உன் வீட்டம்மா என்னைப் பார்த்தார், சைக்கிளில் தொங்கும் பையைப் பார்த்தார். தோப்பில் நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முச்சந்திவரை நடந்தார். வாய்க்கால் கரையைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டார்.

"தெளிச்சு முடிச்சாச்சுங்க. இனி இது நிக்கும்" என்றார்.

அந்த வழியில் வர வேறு யாரும் இல்லை. நான் ஒருவன் அதைப் பார்த்து ஓட்டினேன். வாய்க்கால் கரை முடியும் இடத்தில் மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

முடியும் இடத்தில் வயதில் மூத்தவன் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் பதக்கம் போட்டு, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று அந்தத் தம்பியே மைக்கை நீட்டினார். அந்தப் பதக்கத்துக்காகக் கார்த்திகை முழுவதும் பனியில் ஓட்டிப் பழகியவன் நான். அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"நான் உங்க பாதையில வரல. எம் பிரண்டு அம்புக்குறி போட்ட பாதையில வந்தேன். அந்த மாவக் கொண்டாந்தது, போடச் சொன்னது, பழிய அவரு தலையில போட்டது, மூணும் இந்தத் தம்பி. அவரு கும்பிட்டுட்டு உக்காந்தாரு. எனக்குக் கும்பிடத் தெரியாது."

யாரும் கை தட்டவில்லை. அந்தத் தம்பி தரையைப் பார்த்தார், பிறகு மைக்கை வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்திருப்பாய். இழுக்க ஆள் இல்லாததால்தான் முழுதாகப் பேசி முடித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

சைக்கிளைத் துடைத்துவிட்டேன். சக்கரம், செயின், பெடல் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. உன் பையை மட்டும் உதறாமல், மாவோடு அப்படியே மாட்டியிருக்கிறேன். நாளைக் காலை ஆயக்குடிக்கு ஓட்டுவேன். பாதிவழியில் நீ எப்படியும் "விடுப்பா" என்பாய். நான் விடப்போவதில்லை.