மூன்று கோடி புத்தரும் ஒரு தங்க ரேக்கும்

பிப். 2, 1946
விடியலில் கடும் பனி. எதிரே செஞ்சி ராஜகிரி மலையையே காணோம். நான் முறைத்த பிறகுதான் பயந்து வெளியே வந்தது.

வேலை: சவரம். வேட்டிக்குக் கஞ்சி. தங்கச்சி பாக்கியத்தின் ஆணை. வியாழனன்று அவலூர்பேட்டைப் பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருகிறார்கள். நாற்பத்தொரு வயதில் மாப்பிள்ளை!

"அண்ணே, அவங்ககிட்ட பர்மாக் கதைய அவுத்துவுடாத. யானை வெத்தல போட்டுச்சின்னு சொன்னியே, ஊரே சிரிக்குது."

"வெத்தல இல்ல பாக்கியம். சுருட்டு."

பிப். 3, ஞாயிறு
திருநாதர் குன்றுக்கு நடந்தே போனேன். தனியாக. சட்டைப் பையில், காகித மடிப்புக்குள், தங்க ரேக்கு; ஊதினால் பறக்கும் மெல்லிய தகடு.

பெரிய பாறை. அதில் செதுக்கிய சிலைகள், இரண்டு வரிசையாகச் சம்மணமிட்டவர்கள். அதே மூடிய கண்கள். பர்மாவின் மோல்மேன் குகையே வந்து நின்றது போல.

அங்கே என் பர்மா மனைவி மா டின் விளக்கோடு முன்னால் நடப்பாள். நாலு வருஷக் குடித்தனம். குண்டு விழத் தொடங்கியதும் நான் கப்பலேறினேன். படுக்கையில் கிடந்த தாயை விட்டு அவள் வரவில்லை. கிளம்பும் முன் குகைக்குப் போனோம். இரண்டு ரேக்கு வாங்கினாள். ஒன்றைப் புத்தர் முழங்காலில் ஒட்டினாள், அவர்கள் வழக்கப்படி. மற்றது என் பையில். "திரும்பி வந்து நீ ஒட்டு."

போர் முடிந்து மூன்று கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை.

இங்கேயே ஒட்டிவிட்டால் கணக்குத் தீரும், வியாழனன்று மாப்பிள்ளையாகலாம் என்று நினைத்தேன். காகிதத்தைப் பிரிக்கும்போது கும்பிட வந்த நயினார் ஒருவர்:

"இன்னாங்க கையில?"

"புத்தருக்குத் தங்கம்."

"புத்தர் ஏதுங்க இங்க? இருபத்து நாலு பேரும் தீர்த்தங்கரருங்க. எங்க ஜைன சாமி."

"அப்ப தளவானூர்க் குகையில புத்தர் இருப்பாரா?"

"அது சிவன் கோயிலு."

விடுவேனா. "மோல்மேன் குகையில மூணு கோடி புத்தர். நானே ரெண்டு தடவ எண்ணினேன்."

"அப்ப எல்லாரும் அங்கியே இருக்காங்க. இங்க தேடினா எப்படி?"

என் பொய்யாலேயே என்னை அடித்த முதல் மனிதர். ரேக்கு மறுபடி பைக்குள்.

பிப். 5
தலைவலி. கஞ்சி மட்டும்.

பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன். "பர்மாவுல எனக்குப் பொண்டாட்டி இருக்குது."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "யானை சுருட்டு புடிக்கிற ஊருலயா?"

நான் சிரிக்கவில்லை. அவள் நிறுத்த வெகுநேரமாயிற்று.

"பேரு இன்னா?"

"மா டின்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப். 7, வியாழன்
வெயில். கஞ்சி போட்ட வேட்டியில் அரசன் போல் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

"நேத்தே ஆள் அனுப்பிட்டேன்" என்றாள் பாக்கியம். "மாப்பிள்ளைய யானை மெதிச்சிடுச்சின்னு."

"செஞ்சியில ஏது யானை?"

"உன் தங்கச்சிதானே நான்? போய்க் காயிதம் எழுது. நான் கேட்டேன்னு ஒரு வரி போடு."

நாலாவது கடிதம். மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. ரேக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு துளி பெயர்ந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

சாப்பிடக் கூப்பிடுகிறாள். கை கழுவ வேண்டும்.