முதலிடத்தில் வைத்த பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

இந்த வருடம் எனக்குப் பிடித்த பாட்டுகளை வழக்கம்போல வரிசைப்படுத்தி அனுப்பியிருந்தேனே, உங்களிடம் திட்டு வாங்கத்தான் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும் அந்தப் பாட்டை முதலிடத்தில் வைத்தேன். நேற்று வேலைக்கு நடுவே அம்மா போன் செய்து, "அப்பா கேட்டாரு, ரொம்ப நல்லா இருக்குன்னாரு" என்றாள். பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பெல்ட்டில் பின்னால் வந்த பெட்டிகள் சரிந்தன, சூப்பர்வைசர் கத்தினார். பெரிதாக ஒன்றுமில்லை.

"அவர்கிட்ட குடும்மா" என்றேன். "தூங்குறாருப்பா" என்றாள். நீங்களாவது, பகலில் தூங்குவதாவது!

அலமாரியில் என் பழைய ஹெட்போன் இருக்கிறது. அதை மாட்டிக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள். இடைவேளை முடிந்துவிட்டது. ஊருக்கு வரப் பையைக் கட்டிவிட்டேன். உங்கள் திட்டு வந்தால்தான் அதைப் பிரிப்பேன்.

உங்கள் மகன்